கரடி புகுந்த ஹோட்டலில் பாட்டிமார்

கேள்வி: அமெரிக்காவில் ஜனாதிபதிகள் தங்கிய பிரம்மாண்டமான ஹோட்டல்களைக்கூட முதியோர் குடியிருப்பாக்கிவிட்டார்களாமே! பாரம்பரியத்தை இப்படியா பாழடிப்பது?

பதில்: பாழடித்தது யார் என்று பார்த்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள். மின்னசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் நகரையே எடுத்துக்கொள்வோம். அங்கே 1925-இல் திறந்த 14 மாடிக் கட்டடம் ‘ஹோட்டல் டுலூத்’. 1929 ஆகஸ்டில் ஒரு விடிகாலை, மீன் லாரியின் வாடை பிடித்து ஊருக்குள் வந்த கருங்கரடி ஒன்று, ஹோட்டலின் காபி ஷாப் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. மேஜை நாற்காலிகளை வீசித் தடுக்கப் பார்த்தார்கள். கடைசியில் போலீஸ் சுட்டது. ஹோட்டல்காரர்கள் லேசுப்பட்டவர்களா? செத்த கரடியைப் பாடம் செய்து காட்சிக்கு வைத்துவிட்டார்கள்! 1963 செப்டம்பரில் ஜனாதிபதி கென்னடியும் அங்கே ஓர் இரவு தங்கினார்.

கரடியும் கென்னடியும் வந்த ஹோட்டலுக்கு வாடிக்கையாளர்கள்தான் வராமல் போனார்கள். நகர் நடுவில் இருந்த இத்தகைய ஹோட்டல்கள் ரயிலை நம்பிக் கட்டப்பட்டவை. 1952-இல் மெம்பிஸ் நகரில் ‘ஹாலிடே இன்’ என்ற சாலையோர விடுதிகளில் முதலாவது திறந்தது, 1956-இல் நாடு முழுக்க நெடுஞ்சாலை போடச் சட்டம் வந்தது. அறை வாசலிலேயே காரை நிறுத்தலாம் என்றானபின், ஊர் நடுவில் பார்க்கிங்குக்கு அலைய யாருக்குப் பொறுமை? பல ஊர்களில் இந்த மாளிகைகளை இடித்து, அந்த இடத்தில் கார்தான் நிறுத்தினார்கள். டுலூத் ஹோட்டல் தப்பித்து, 1980 வாக்கில் ‘கிரேசலான் பிளாசா’ என்று முதியோருக்கான வாடகைக் குடியிருப்பானது. வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரின் வில்லியம் பேர்ட் ஹோட்டலும் 1990-களில் அதே வழியில் போனது.

இதில் கருணை எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று கேட்டால், கணக்குதான் பெரிது. 1974-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில் ‘செக்‌ஷன் எட்டு’ என்று ஒரு திட்டம். குடியிருப்பவர் தன் வருமானத்தில் ஒரு பங்கை (இன்றைக்கு சுமார் 30 சதவீதம்) வாடகையாகக் கட்டினால் போதும், மிச்சத்தை மத்திய அரசு கொடுக்கும். அதுவும் நீண்டகால ஒப்பந்தத்தில். அரசாங்கமே வாடகை தருகிறது என்றால் வங்கி ஏன் கடன் தராது? போதாததற்கு, வரலாற்றுச் சிறப்புள்ள பழைய கட்டடங்களைப் புதுப்பித்தால் செலவில் 25 சதவீதம் வரிச்சலுகை என்று 1981-இல் சட்டம் வந்தது. 1986-இல் அதை 20 ஆகக் குறைத்தார்கள். அதற்கு நிபந்தனை, கட்டடத்தின் பழைய அடையாளங்களை அழிக்கக் கூடாது என்பது. நீங்கள் கவலைப்படும் பாரம்பரியத்துக்குக் காசு கொடுத்ததே இந்த ஏற்பாடுதான்.

கட்டடமும் தோதாக அமைந்தது. ஹோட்டலில் அறைக்கு அறை குளியலறை, மாடிக்கு மாடி நேர்க்கோட்டில் இறங்கும் தண்ணீர்க் குழாய்கள், லிஃப்ட் எல்லாம் ஏற்கெனவே உண்டு. இரண்டு அறைகளுக்கு நடுவே சுவரில் வழி திறந்து, ஒரு குளியலறையின் குழாயைச் சமையலறைத் தொட்டிக்குத் திருப்பினால் ஒரு வீடு தயார். சிக்கல் சின்னச் சின்ன இடங்களில்: சக்கர நாற்காலி நுழையாத குளியலறைக் கதவு, முழங்கால் வலிக்காரர் தாண்ட முடியாத உயரத்தில் குளியல் தொட்டி விளிம்பு. டுலூத்தில் நடன மண்டபம் மட்டும் மண்டபமாகவே இருக்கிறது. இன்றும் கல்யாண விருந்துகள் நடக்கின்றன.

சரி, முதியோருக்கே ஏன்? ஏழைகளிலேயே அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்காத ஏழைகள் கிழவர்கள்தான் என்பது என் எண்ணம். குழந்தைகள் உள்ள ஏழைக் குடும்பங்களை அதே கட்டடத்தில் குடிவைத்திருந்தால் ஊர்ப் பெரிய மனிதர்கள் எத்தனை பேர் சும்மா இருந்திருப்பார்கள்?

கிழவர்களுக்கும் எல்லா ஊரிலும் இடம் கிடைத்துவிடவில்லை. சான்ஃபிரான்சிஸ்கோவின் கியர்னி தெருவில் ‘இன்டர்நேஷனல் ஹோட்டல்’ என்ற மலிவு விடுதியில் வயதான பிலிப்பினோ, சீனத் தொழிலாளர்கள் பல வருடங்களாகக் குடியிருந்தார்கள். 1977 ஆகஸ்ட் 4 அதிகாலை, கைகோத்து நின்ற ஆயிரக்கணக்கானோரை விலக்கிக்கொண்டு போலீஸ் அந்தக் கிழவர்களை வெளியேற்றியது. கட்டடத்தை இடித்தார்கள். பல வருடங்கள் அந்த மனை சும்மாவே கிடந்தது. 2005-இல் அங்கே புதுக் கட்டடம் திறந்தார்கள், வருமானம் குறைந்த முதியோருக்காக! வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.