வீடியோ ரெஸ்யூமே: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரி முடித்தவர்கள், வேலை மாற நினைப்பவர்கள், வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள் எனப் பலரும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தம்மைப் பற்றியும் தம் வேலையைப் பற்றியும் காட்டி அனுப்பும் சிறு வீடியோவான வீடியோ ரெஸ்யூமே பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அவரவர் தொழிலை வைத்தே பதில் சொல்கிறேன்.

பி.காம். முடித்திருக்கிறேன், டாலி தெரியும். கணக்கர் வேலை தேடுகிறேன். தோழிகள் எல்லாரும் வீடியோ எடுக்கிறார்கள். நானும் எடுக்க வேண்டுமா?
*– வாசகி, சேலம்*

வேலை கொடுப்பவர் கேட்காதவரை அவசியமில்லை. கணக்கர் வேலையை முகம் பார்த்து யாரும் தருவதில்லை, தரவும் கூடாது. பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கும் மென்பொருள் எழுத்தைத்தான் படிக்கும், உங்கள் வீடியோவைத் திறந்து பார்க்காது. ஆகவே முதலில் எழுத்து ரெஸ்யூமேயை ஒழுங்குபடுத்துங்கள்.

வீடியோவும் இருக்கட்டும் என்று நினைத்தால், முகத்தை விட்டுவிட்டுக் கணினித் திரையைப் பதிவு செய்யுங்கள். கற்பனையாக ஒரு கடையின் கொள்முதல் பதிவேட்டை எக்செலில் போட்டு, சப்ளையர்கள் ஜிஎஸ்டி தளத்தில் பதிவு செய்த பில்களைக் காட்டும், மாதந்தோறும் 14ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை போன்ற ஒரு மாதிரியோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். எந்த பில் விடுபட்டிருக்கிறது, எதில் வரித்தொகை மாறியிருக்கிறது, சப்ளையரிடம் என்ன கேட்க வேண்டும் என்று பேசிக்கொண்டே செய்யுங்கள். இரண்டு நிமிடம் போதும். ரெஸ்யூமேயில் ‘ஜிஎஸ்டி தெரியும்’ என்று எல்லாரும் எழுதுகிறார்கள். செய்து காட்டுபவர்கள் மிகக் குறைவு. முன்பு வேலை பார்த்த இடத்தின் உண்மைக் கணக்கை மட்டும் காட்டவே காட்டாதீர்கள். நாளைக்கு நம் கணக்கையும் இப்படித்தான் வெளியில் காட்டுவார் என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிடும்.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். பெயர், ஊர், அப்பா விவசாயி, அம்மா இல்லத்தரசி, என் பலம் கடின உழைப்பு என்று ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்திருக்கிறேன். சரியா?
*– வாசகர், நாமக்கல்*

அப்பா விவசாயி என்பதில் பெருமைப்பட வேண்டும். ஆனால் அதைச் சொல்லும் இடம் இதுவல்ல. இந்த அறிமுகம் நம் கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பயிற்சி என்ற பெயரில் ஆண்டாண்டாகச் சொல்லித்தரப்படுகிறது. பத்துப் பேரைத் தொடர்ந்து பார்க்கிற மனிதவள அதிகாரிக்குப் பெயரைத் தவிர வேறு எந்த வித்தியாசமும் தெரியாது. பிறந்த தேதி, மதம், சாதி, திருமணம் ஆனதா என்பவையும் வேண்டாம். உங்களைத் தேர்ந்தெடுக்கவோ ஒதுக்கவோ அவை காரணமாகக் கூடாது.

செய்த ஒரு வேலையிலிருந்து தொடங்குங்கள். ‘இறுதியாண்டில் நான்கு பேர் சேர்ந்து நிலக்கடலை உரிக்கும் இயந்திரம் செய்தோம். முதல் மாதிரியில் பருப்பு உடைந்தது. சல்லடைக்கும் உருளைக்கும் உள்ள இடைவெளியை மாற்றியது என் வேலை.’ இப்படி மூன்று வாக்கியம் சொன்னாலே நீங்கள் யார் என்று தெரிந்துவிடும். பிறகு எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், ஏன் அந்த வேலை என்று சொல்லி முடியுங்கள். அறுபதிலிருந்து தொண்ணூறு விநாடிக்குள் அடங்க வேண்டும். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 130 சொற்கள் வரும். உங்கள் எழுத்துப்படி அந்த நேரத்தைத் தாண்டினால் வெட்டுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள்.

மனப்பாடத்தை விடுங்கள். ஒப்பிப்பவரின் கண் மேலே போய்விடும். அது கேமராவில் அப்படியே தெரியும். மூன்று குறிப்புகளை மட்டும் தாளில் எழுதி, போனின் லென்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, லென்ஸைப் பார்த்துப் பேசுங்கள். இலக்கணம் ஓரிடத்தில் தவறினாலும் பரவாயில்லை, புரிந்தால் போதும். உங்களுடையது அல்லாத உச்சரிப்பை வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

நல்ல கேமரா, மைக் எல்லாம் வாங்க வேண்டுமா?
*– வாசகி, விருதுநகர்*

போன் கேமரா போதும். பகலில் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் முகம் இருண்டுவிடும். போனைக் கிடைமட்டமாக, கண் உயரத்தில் நிறுத்துங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். பணம் செலவழிப்பதென்றால் சட்டைக் காலரில் மாட்டும் சிறிய மைக்குக்கு மட்டும் செலவழிக்கலாம். படம் சற்று மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்காவிட்டால் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்கள்.

எனக்குத் திக்குவாய். மென்பொருள் சோதனைத் துறையில் இருக்கிறேன். நிறுவனம் மாற வேண்டும், வீடியோ கட்டாயம் என்கிறார்கள். திக்கும் இடங்களை வெட்டிவிடலாமா?
*– வாசகர், கோயம்புத்தூர்*

எல்லாவற்றையும் வெட்ட வேண்டாம். வெட்டிய இடமெல்லாம் படம் துள்ளும். அதைவிட முக்கியம், நேர்காணலில் உங்களைச் சந்திப்பவர் வீடியோவில் பார்த்த ஆளைத்தான் எதிர்பார்ப்பார். அந்த எதிர்பார்ப்பின் சுமை முதல் நிமிடத்திலேயே உங்கள் மேல் விழும்.

திக்குவாய் உள்ள பலருக்குச் சொந்தப் பெயரைச் சொல்வதுதான் மிகக் கடினம். பெயருக்கு மாற்றாக வேறு சொல்லைப் போட முடியாதல்லவா! அதனால் பெயரைத் திரையில் எழுத்தாகப் போட்டுவிடுங்கள். பேச்சை வேலையிலிருந்து தொடங்குங்கள். விருப்பமிருந்தால், ‘எனக்குத் திக்குவாய் உண்டு, சில சொற்களுக்குக் கொஞ்சம் நேரமெடுக்கும்’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே போகலாம். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

உங்கள் துறை உங்களுக்குச் சாதகமானது. ஒரு மாதிரிச் செயலியில் நீங்கள் கண்டுபிடித்த பிழையைத் திரையில் காட்டுங்கள். எந்தப் படியில் பிழை வருகிறது, அதை எப்படி மீண்டும் வரவழைத்தீர்கள், அறிக்கையில் என்ன எழுதினீர்கள் என்று காட்டும்போது பார்ப்பவரின் கவனம் திரையில் இருக்கும். கீழே வசனவரி போடுங்கள். நாலைந்து முறை எடுத்து, இயல்பாக அமைந்ததை அனுப்புங்கள். ஒருமுறைகூடத் திக்காத பதிவு வேண்டும் என்று காத்திருந்தால் கடைசித் தேதி போய்விடும்.

பைப் வெல்டராக இருக்கிறேன். வளைகுடா வேலைக்கு ஏஜென்ட் வீடியோ கேட்கிறார். என்ன எடுத்து அனுப்புவது?
*– வாசகர், திருவெறும்பூர்*

என்னைக் கேட்டால் வீடியோ ரெஸ்யூமே மற்ற எவரையும்விட உங்களுக்குத்தான் அதிகம் பயன்படும். கை வேலையைக் காகிதத்தில் எழுதிக் காட்ட முடியாது.

6ஜி நிலையில் ஒரு பைப் போடுங்கள். 45 டிகிரி சாய்வில், சுழற்ற முடியாதபடி நிறுத்திய பைப் என்பது பார்த்ததும் தெரிய வேண்டும். தொடங்குமுன் உங்கள் பெயரையும் தேதியையும் பைப்பின் மேல் எழுதி, முகத்தோடு சேர்த்துக் காட்டுங்கள். வேறொருவர் வேலை என்ற சந்தேகம் வராது. இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள கேப், டேக் (முனைகளைப் பிடித்துவைக்கும் சிறு பற்று) வைத்த இடம், டிக் வெல்டிங்கில் ரூட் என்னும் முதல் அடுக்கைப் போடுவது, ரூட் முடிந்ததும் பைப்பின் உள்பக்கம், கடைசியாக கேப்பிங் என்னும் மேல் அடுக்கு என்று வரிசையாகப் போகட்டும். உள்பக்கம் மிக முக்கியம். தேர்ந்த சூப்பர்வைசர் முதலில் பார்ப்பது ரூட் உள்ளே சீராக இறங்கியிருக்கிறதா என்பதைத்தான். கேமராவை ஆர்க்குக்கு நேரே திறந்து வைக்காதீர்கள். வெள்ளை வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியாது, சென்சாரும் கெட்டுப்போகலாம். வெல்டிங் கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். கையுறை, ஏப்ரன், பாதுகாப்புக் காலணி இல்லாமல் எடுத்தால் வேலை நன்றாக இருந்தும் தள்ளிவிடுவார்கள். இப்போது வேலை செய்யும் ஆலைக்குள் அனுமதியில்லாமல் படம் எடுக்க வேண்டாம்.

பாஸ்போர்ட், ஆதாரை வீடியோவில் காட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த ஏஜென்ட் பதிவுபெற்றவர்தானா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். வீடியோ எடுக்கவென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நிறுவனம் அனுப்பிய இணைப்பில் கேள்விகளுக்குப் பதில் பேசிப் பதிவு செய்ய வேண்டுமாம். கம்ப்யூட்டர் முகபாவத்தைப் பார்த்து மதிப்பெண் போடுமா?
*– வாசகி, சென்னை*

அந்த முறை இருந்தது, பலத்த எதிர்ப்பும் வந்தது. இத்துறையில் பெரிய பெயரான அமெரிக்காவின் ஹயர்வியூ, முக அசைவை வைத்து மதிப்பிடுவதைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. உங்கள் பதிவை மனிதர் பார்க்கிறாரா, மென்பொருள் மதிப்பிடுகிறதா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. மீண்டும் பதிவு செய்ய வாய்ப்பு உண்டா என்பதையும் தொடங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். சில தளங்களில் ஒரே வாய்ப்புதான்.

எடுத்த வீடியோவை எப்படி அனுப்புவது? மின்னஞ்சலில் போக மறுக்கிறது.
*– வாசகர், திருநெல்வேலி*

ஜிமெயிலில் இணைப்புக் கோப்பு 25 எம்பிக்கு மேல் போகாது. யூடியூபில் ஏற்றி, ‘அன்லிஸ்டட்’ என்று வைத்து, அந்த இணைப்பை ரெஸ்யூமேயின் தலைப்பில் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் கொடுங்கள். ‘பிரைவேட்’ என்று வைத்தால் அவர்களால் திறக்க முடியாது. கூகுள் டிரைவ் என்றால், இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று அனுமதியை மாற்றுங்கள். வாட்ஸ்ஆப்பில் கேட்டால் வீடியோவாக அல்ல, டாகுமென்டாக அனுப்புங்கள், தரம் குறையாது. அனுப்புமுன் வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். வேலை கிடைத்ததும் வீடியோவை எடுத்துவிடலாம்.