காலையில் 112, மூன்று மாதக் கணக்கில் 9.1: எதை நம்புவது?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம். மாதாமாதம் கிளினிக்கில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பார்கள். 110, 112, 118 என்றுதான் வரும். ‘நல்லாயிருக்கு’ என்று அதே குளிசையைத் தந்து அனுப்புவார்கள். போன மாதம் வெளியே எச்பிஏ1சி செய்தோம், 9.1 என்று வந்திருக்கிறது. லாப் பிழை விட்டுவிட்டதா? எத்தனை மாதத்துக்கு ஒருக்கால் இதைச் செய்ய வேண்டும்?
(புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு மகள்)

பதில்: லாப்பை உடனே சந்தேகிக்க வேண்டாம். இரண்டு இலக்கமும் சரியாகவே இருக்கலாம். இரண்டும் அளப்பது வேறு வேறு.

காலையில் எடுப்பது அந்த நேரத்துச் சீனி. எட்டு மணித்தியாலமாவது சாப்பிடாமல் இருந்த பிறகு இரத்தத்தில் எவ்வளவு குளுக்கோஸ் நிற்கிறது என்பதை மட்டும் அது காட்டும். நேற்று மத்தியானம் சோறு சாப்பிட்ட பிறகு எவ்வளவு ஏறியது என்று அதில் தெரியாது. எச்பிஏ1சி அப்படியல்ல. குளுக்கோஸ் செங்குருதிக் கலத்தில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் அந்தக் கலம் அழியும்வரை விடாது. ஒரு கலத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதனால் எத்தனை வீதம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதமாகச் சீனி எந்த அளவில் நின்றது என்று பிடிபடும். 7 என்றால் சராசரி 154 மில்லிகிராம் அளவு. 9.1 என்றால் 214 அளவு.

காலையில் 112 உள்ளவருக்குச் சராசரி 214 எப்படி வரும்? நான் கிளினிக்கில் அதிகம் கண்ட காரணம், கிளினிக்குக்காகவே பிடிக்கிற பத்தியம். திங்கட்கிழமை கிளினிக் என்றால் சனிக்கிழமையே சோறு பாதியாகிவிடும், தேத்தண்ணிக்குச் சீனி நின்றுவிடும், விட்டுவிட்டுப் போட்ட குளிசை ஒழுங்காகிவிடும். முதல்நாள் இரவு ஒரு துண்டுப் பாண். சில அம்மாமார் அதுவும் இல்லை. ஏன் என்று கேட்டால் ‘டொக்டர் பேசுவார்’ என்பார்கள். அந்தப் பயத்தை உண்டாக்கியதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது, அது எனக்கு வருத்தம். இரண்டு நாள் பத்தியத்தில் இறங்கிய இலக்கத்தைப் பார்த்துத்தான் மற்ற இருபத்தெட்டு நாளுக்கும் மருந்து எழுதுகிறோம். அம்மாவிடம் பதமாகச் சொல்லுங்கள்: கிளினிக்குக்கு முந்தின நாட்களிலும் வழமையாக என்ன சாப்பிடுகிறாரோ அதையே சாப்பிடட்டும், காலையில் மட்டும் வெறும் வயிற்றோடு போகட்டும்.

மற்றக் காரணம் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சீனி. எங்கள் பக்கத்தில் மத்தியானக் கோப்பை பெரியது. நாட்டரிசி, குத்தரிசி என்றாலும் குவித்துப் போட்டால் சீனி ஏறத்தான் செய்யும். அதைப் பிடிக்க, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பரிசோதனை வேண்டும். கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணக் கூடாது, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். 180க்குள் நின்றால் நல்லது.

வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் இருந்தால் இதற்கு அதுவே போதும். ஆனால் கையைக் கழுவ வேண்டும். பாலைப்பழக் காலத்தில் ஒரு ஐயா, மெஷின் 340 காட்டுகிறது என்று பதறிக்கொண்டு வந்தார். விரல் நுனியெல்லாம் பிசுபிசுவென்று பழப்பால். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, மறுபடி குத்தினோம்: 168. பழத்தின் சீனியைத்தான் மெஷின் அளந்திருக்கிறது. ஸ்ற்ரிப் போத்தலையும் கவனியுங்கள். மூடியைத் திறந்துவைத்தாலோ, கோடையில் தகரக் கூரைக்குக் கீழே வெக்கையில் கிடந்தாலோ ஸ்ற்ரிப் பழுதாகிவிடும். நல்ல மெஷின்கூட லாப்பிலிருந்து 15 வீதம் மேலே கீழே காட்டலாம், அதற்காகப் பயப்படத் தேவையில்லை.

எச்பிஏ1சியும் சில பேரில் ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைந்த இரத்தச்சோகை இருந்தால் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் இலக்கத்தை நம்ப முடியாது. முற்றிய சிறுநீரக நோயிலும் அப்படித்தான். ஆகவே அம்மாவுக்கு ஒரு முழு இரத்தக் கணக்கும் எடுத்துப் பார்ப்பது நல்லது. ஹீமோகுளோபின் சரியாக இருந்து, மத்தியானச் சீனியும் 250, 300 என்று நின்றால், 9.1ஐத்தான் நம்ப வேண்டும்.

மருந்து மாறினால் மூன்று மாதத்தில் எச்பிஏ1சி. நிலை சீராக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் போதும். இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. பெரும்பாலானோருக்கு 7க்குக் கீழே இருக்க வேண்டும். நன்றாகத் தளர்ந்தவர்களுக்கும் அடிக்கடி சீனி இறங்கி மயங்குபவர்களுக்கும் 8க்குள் நின்றால் போதும். அம்மாவின் இலக்கு எது என்று டொக்டரிடமே கேளுங்கள்.

சிறுநீரகத்தை மறக்காதீர்கள். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சீனி வருத்தமே இல்லாதவர்களுக்கும் சிறுநீரகம் பழுதாவதைப் பார்க்கிறோம். அதனால் இங்கே எதையும் ‘தண்ணி சரியில்லை’ என்று சொல்லி விட்டுவிடுகிற பழக்கம் இருக்கிறது. சீனி வருத்தத்தில் பெரும்பாலும் முதலில் சலத்தில் அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கும். அந்த நேரத்தில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியற்றினின் இரத்தத்தில் சரியாகவே இருக்கும். எனவே வருடத்தில் ஒருமுறை இரண்டையும் சேர்த்துச் செய்விக்க வேண்டும், கொலஸ்திரோலையும். மெற்போமின் என்ற சீனிக் குளிசையின் அளவைச் சிறுநீரகத்தின் நிலை பார்த்துத்தான் முடிவு செய்வோம். அந்தக் குளிசையைப் பல வருடம் போடுபவருக்குப் பாதம் விறைத்தால் விற்றமின் பி12ஐயும் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்களாக மருந்தைக் கூட்ட வேண்டாம். 9.1 றிப்போட்டைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து, டொக்டர் கொப்பியைத் திறந்ததும் கண்ணில் படும்படி கொடுங்கள். குளிசை விட்டுப்போகிற நாள் உண்டென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வெறும் வயிற்றோடு பஸ் ஏறும் நாளில் தண்ணீர் குடிக்கலாம், பிளேன்டீ வேண்டாம். சீனிக் குளிசையும் இன்சுலின் ஊசியும் இரத்தம் கொடுத்துச் சாப்பிடும்போதுதான். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், கூடவே ஒரு சரையில் கொஞ்சம் சீனியும். வரிசையில் நிற்கையில் வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டால் சீனி 70க்குக் கீழே போயிருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொருமுறை கொடுத்து, மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். இரத்தம் இன்னொரு நாள் எடுக்கலாம்.