வாசகர் கேள்வி – பதில்: பாடினால் கூலி உயருமா?

கேள்வி: நான் தூய்மைப் பணியாளர் சங்கம் ஒன்றின் உறுப்பினர். எங்கள் உண்ணாவிரதப் பந்தலில் பேச்சைவிடப் பாட்டுக்குத்தான் அதிக நேரம் போகிறது. பாடினால் கூலி உயர்ந்துவிடுமா என்று என் மகன் கேட்கிறான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தில் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்கிறார்களே, அங்கே அது உண்மையில் என்ன செய்தது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் மகன் கேட்பது நியாயமான கேள்வி. அதை மழுப்பாமல் எதிர்கொள்ள ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரம் உதவும். நிற ஒதுக்கலுக்கு எதிராக 1961 நவம்பரில் அங்கே ஓர் இயக்கம் உருவாயிற்று. அடுத்த மாதத்தின் நடுப்பகுதிக்குள் 700க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஊர்வலத்தில் கால் வைத்தவருக்கு வேலையோ படிப்போ பறிபோகலாம் என்ற நிலை இருந்தது; ஆல்பனி அரசுக் கல்லூரி மாணவி பெர்னிஸ் ஜான்சன், போராட்டத்தில் கைதானதால் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். இப்படி இழப்பதற்கு ஏதேனும் ஒன்று வைத்திருந்தவர்கள்தான் ஷைலோ, மவுண்ட் சயன் ஆகிய தேவாலயங்களில் நெருக்கியடித்துக் கூடினார்கள். தனித்தனி அச்சத்தோடு வந்தவர்கள் சேர்ந்து பாடத் தொடங்கியதும், பக்கத்தில் இருப்பவரும் விலகிப் போகவில்லை என்பதைத் தம் காதாலேயே அறிந்துகொண்டார்கள். பேச்சைக் கேட்கிறவர் கடைசிவரை கேட்பவராகவே இருந்துவிடலாம். பாடுகிறவரோ அந்தச் சொல்லைத் தம் வாயால் சொல்லி அதற்குப் பொறுப்பேற்கிறார்.

பாடல்களில் பெரும்பாலானவை அவர்கள் சிறுவயதிலிருந்தே தேவாலயத்தில் பாடி வந்தவை என்பதால், யாருக்கும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு சொல்லை மாற்றினாலே போதுமாக இருந்தது. தலைக்கு மேலே காற்றில் துன்பம் தெரிகிறது என்று வரும் பழைய பாடலைப் பெர்னிஸ் ஒரு கூட்டத்தில் எடுத்தபோது, ‘துன்பம்’ வரவேண்டிய இடத்தில் ‘விடுதலை’ என்று பாடினார். எவரும் என்னைத் திருப்பிவிட முடியாது என்னும் பாடலிலோ, நகரக் காவல்துறைத் தலைவர் பிரிட்செட்டின் பெயரையே சேர்த்துப் பாடினார்கள். தாழ்ந்த குரலில் மட்டும் உச்சரித்துப் பழகிய ஒரு பெயரை நூற்றுக்கணக்கானோர் உரக்கப் பாடுவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனாலும் ஆல்பனியில் உடனடி வெற்றி கிடைக்கவில்லை. இயக்கத்துக்குத் துணையாக வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங் 1962 ஆகஸ்டில் கோரிக்கைகள் நிறைவேறாத நிலையிலேயே அந்நகரை விட்டுச் சென்றார். நிற ஒதுக்கலைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காத்த 1965ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் பின்னால் வழக்குகளும் சிறைவாசமும் உயிரிழப்புகளும் இருந்தன. ஆகவே பாட்டு கூலியை உயர்த்தாது என்று உங்கள் மகனிடம் ஒப்புக்கொள்ளுங்கள். கூலி உயரும்வரை பந்தலில் ஆள் குறையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை அது செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குக் குரல் வளம் கிடையாது. கூட்டத்தில் பாடக் கூச்சமாக இருக்கிறது. கைதட்டினால் மட்டும் போதாதா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கைதட்டலும் போராட்டப் பாட்டின் ஒரு பகுதிதான். ஆயினும், ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் அந்த முறையில் குரல் வளத்துக்குத் தேர்வு கிடையாது. பிசிறும் சுதி விலகலும் பெருங்குரலில் கரைந்துவிடும். பாடுங்கள்.

கேள்வி: பள்ளியில் நாங்கள் பாடிய ‘ஹம் ஹோங்கே காம்யாப்’ ஓர் அமெரிக்கப் பாடல் என்பது உண்மையா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: உண்மை. ‘வீ ஷல் ஓவர்கம்’ (நாம் வெல்வோம்) என்ற பாடலை இந்தியில் ஆக்கியவர் கவிஞர் கிரிஜா குமார் மாத்தூர். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரச் சுருட்டுத் தொழிற்சாலையில் 1945 அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, மறியலில் நின்ற தொழிலாளர்கள் இதைப் பாடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி நாளின் முடிவில் இதை மிக மெதுவாக இழுத்துப் பாடுவாராம். அவர்களிடமிருந்து இதைக் கற்ற சில்ஃபியா ஹார்டன், டென்னசி மாநிலத்தில் தாம் பணியாற்றிய, போராட்டக்காரர்களுக்குப் பயிற்சி தந்த ஹைலாண்டர் நாட்டுப்புறப் பள்ளிக்குக் கொண்டு சென்றார்.

அந்தப் பள்ளிக்குள் 1959ஆம் ஆண்டில் ஓர் இரவு காவலர்கள் சோதனைக்காகப் புகுந்தார்கள். விளக்குகள் அணைந்த இருட்டில் மாணவர்கள் இதே பாட்டைப் பாட, மாண்ட்கமரியிலிருந்து வந்திருந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி ‘நாங்கள் அஞ்சவில்லை’ என்று அதுவரை இல்லாத ஓர் அடியைச் சேர்த்தாள். கையில் தடியுடன் நின்ற காவலர் ஒருவர், பாடித்தான் ஆகவேண்டும் என்றாலும் இவ்வளவு உரக்கப் பாட வேண்டுமா என்று நடுங்கியபடி கேட்டதாக அந்தச் சிறுமி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். நீங்கள் பள்ளியில் பாடியிருக்கக்கூடிய ‘நஹீ டர் கிஸீ கா ஆஜ்’ (இன்று எவரிடமும் அச்சமில்லை) என்ற அடி, அந்தச் சிறுமி இருட்டில் சேர்த்த அடிதான்.