கமிஷன் பில்லை முதல்ல படிங்க

கேள்வி: 'லஞ்சம் கொடுக்க மாட்டோம், வாங்க மாட்டோம்'னு ஸ்டாஃப் எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டேன், போர்டும் மாட்டியாச்சு. இதுக்கு மேல ஒரு முதலாளி என்னங்க பண்றது?

பதில்: போர்டு பாட்டுக்கு இருக்கட்டும். லஞ்சம்னு போட்டு எவனும் பில் கொடுக்கப்போறதில்ல, ஏஜென்ட் கமிஷன், ஆலோசனைக் கட்டணம், நன்கொடை, விருந்துச் செலவுன்னு வேற வேற பேர்லதான் அது உங்க கணக்குக்குள்ள நுழையும், அதனால நீங்க போய் உட்கார வேண்டியது அக்கவுண்ட்ஸ்லதான். ஏஜென்ட் பில் ஒண்ணை எடுத்துப் பாருங்க. 'ஆலோசனை சேவைக்காக'ன்னு ஒத்த வரி, முழுசா ரவுண்டா ஒரு தொகை, பணத்தை வேற நாட்டுல வேற ஒருத்தர் பேர்ல இருக்குற அக்கவுண்டுக்குப் போடச் சொல்லியிருக்கும், விசாரிச்சா அந்த ஏஜென்ட்டை சிபாரிசு பண்ணதே டெண்டர் கொடுக்குற ஆபீசரா இருப்பார். என்ன வேலை பார்த்தார், யாரைப் பார்த்தார்னு கேளுங்க, பதில் வரலையா, பேமென்ட்டை நிறுத்துங்க.

ஜெர்மனியோட சீமென்ஸ் கம்பெனியிலயும் விதிமுறையெல்லாம் எழுதித்தான் வச்சிருந்தாங்க. ஆனா ஆபீஸ்லயே கேஷ் டெஸ்க் வச்சு, லஞ்சம் கொடுக்க ஒரு தடவைக்கு 10 லட்சம் யூரோ வரைக்கும் ரொக்கமா எடுத்துட்டுப் போயிருக்காங்க, ஒப்புதல் கையெழுத்தைக்கூட அப்புறம் பிச்சுப் போட்டுடலாம்னு ஒட்டுற துண்டுச் சீட்டுல போட்டிருக்காங்க (இதுக்கெல்லாம் மூளை எப்படி வேலை செய்யுது பாருங்க). மாட்டிக்கிட்டு 2007, 2008-ல அமெரிக்காவுலயும் ஜெர்மனியிலயும் சேர்த்து அபராதமும் மத்ததுமா கட்டினது சுமார் 160 கோடி டாலர்.

இன்னொண்ணு, எட்டவே முடியாத டார்கெட்டை சேல்ஸ் ஆளுங்க தலையில கட்டிட்டு, ஆர்டர் எப்படி வந்துச்சுன்னு கேட்காம போனஸ் கொடுக்குறது நீங்கதானே?

கேள்வி: ஃபைல் நகர சில்லறையா ஏதோ கொடுக்குறோம், அதுவுமா தப்பு?

பதில்: வழக்கமான வேலையை வேகப்படுத்தக் கொடுக்குற காசுக்கு அமெரிக்காவோட 1977 வெளிநாட்டு லஞ்சத் தடுப்புச் சட்டம் விலக்கு கொடுக்குது, பிரிட்டனோட 2010 லஞ்சச் சட்டம் கொடுக்கல. அந்த பிரிட்டன் சட்டத்துல இன்னொரு பிடியும் இருக்கு, உங்களுக்காக வேலை பார்க்குறவர் பிசினஸ் பிடிக்க லஞ்சம் கொடுத்தா, தடுக்கப் போதுமான ஏற்பாடு பண்ணியிருந்தோம்னு கம்பெனிதான் நிரூபிக்கணும், 'எனக்குத் தெரியாதுங்க'ன்னு சொன்னா எடுபடாது. கடைசி நாள்ல ஓடுறவங்ககிட்டதான் கை நீளும், அதனால விண்ணப்பத்தை முன்னாடியே போடுங்க, தனி ஆளா அனுப்பாம ரெண்டு பேரா அனுப்புங்க, காசு கேட்டா ரசீது கேட்கச் சொல்லுங்க, பாதிப் பேர் அதுலயே பின்வாங்கிடுவாங்க. உயிருக்கு ஆபத்துன்னா கொடுத்துட்டு வரட்டும், ஆனா அன்னைக்கே மேலிடத்துக்குச் சொல்லி, கணக்குல உள்ளது உள்ளபடி எழுதணும்.

கேள்வி: எங்க பர்ச்சேஸ் மேனேஜர் சப்ளையர்கிட்ட கமிஷன் அடிக்கிறார்னு சந்தேகம். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: சப்ளையரைத் தேர்ந்தெடுக்குறது, சரக்கை வாங்கி வைக்கிறது, பில் பாஸ் பண்றது மூணையும் மூணு பேர்கிட்ட பிரிச்சுக் கொடுங்க. அவரை ரெண்டு வாரம் கட்டாய லீவுல அனுப்பி, அந்த சீட்டுல வேற ஆளை உட்கார வச்சு புதுசா கொட்டேஷன் வாங்கச் சொல்லுங்க, விலை வித்தியாசம் தெரிஞ்சுடும். சப்ளையருங்க நேரா உங்களுக்கே புகார் சொல்ல ஒரு நம்பர் கொடுங்க, அந்த போனை மட்டும் மேனேஜர் டேபிள்ல வச்சிடாதீங்க.