காரின் ஒடுக்கை நிரப்பப் போட்ட பட்டியில் ஊசித் துளைகள் தெரிகின்றன, ப்ரைமர் (கலருக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் மூடிக்கொள்ளுமா?

மூடாது. மூடும் என்று நம்பி ஒரு முழுக் கதவை வீணாக்கியவன் சொல்கிறேன்.

எங்கள் பழைய மாருதி 800-இன் கதவில் ஒடுக்கு எடுத்து, பட்டி பார்த்து, 180-ஆம் நம்பர் எமரித் தாள் வரைக்கும் தேய்த்து வைத்திருந்தேன். கையால் தடவினால் வழவழவென்று இருந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் மட்டும் குண்டூசியால் குத்தியது போல ஏழெட்டுப் புள்ளிகள். இதற்கெல்லாம் மறுபடி பட்டி கலக்க வேண்டுமா என்ற சோம்பலில் ப்ரைமரைக் கொஞ்சம் தடிமனாகவே மூன்று கோட் அடித்தேன். புள்ளிகள் காணாமல் போயின. கலரும் அடித்தாயிற்று. ஒரு மாதம் வெயிலில் நின்றதும் அத்தனை புள்ளியும் அதே இடத்தில் குழிகளாகத் திரும்பி வந்தன.

நடந்தது இதுதான். ப்ரைமர் துளைக்குள் இறங்கி நிரம்பவில்லை. வாய்ப்பக்கம் மட்டும் ஆடை கட்டியது போல மூடிக்கொண்டது. உள்ளே காற்றும் தின்னரும் சிறைப்பட்டுக் கிடந்தன. தகடு சூடேறச் சூடேற அவை வெளியேறப் பார்த்தன, ப்ரைமரும் காய்ந்து சுருங்கி உள்வாங்கியது.

பக்கத்துத் தெருவில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் காட்டினேன். "ஓட்டைய மூடப் பாக்காத தம்பி, மொதல்ல பெருசாக்கு" என்றார். கேட்கும்போது விளங்கவில்லை. செய்து பார்த்ததும் விளங்கிவிட்டது. மேலே ஊசிமுனை அளவு தெரியும் துளை, உள்ளே பெரும்பாலும் ஒரு குட்டிக் காற்றுக் குமிழ். வாய் சிறுத்திருக்கும் வரை எந்தப் பட்டியும் உள்ளே போகாது. அதனால் கூரான கத்தி முனையாலோ எமரி மடிப்பாலோ ஒவ்வொரு துளையின் வாயையும் லேசாக அகலப்படுத்த வேண்டும். பிறகு கம்ப்ரஸர் காற்றைப் பீய்ச்சி உள்ளே அடைந்திருக்கும் தூளை வெளியேற்ற வேண்டும். தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிடாதீர்கள், தின்னர் துளைக்குள்ளேயே தங்கிவிடும்.

அடுத்தது ஸ்டாப்பர் பட்டி, அதாவது சிறு துளைகளை அடைக்கும் நைசான பட்டி. ஹார்டனர் (பட்டியை இறுக வைக்கும் சரக்கு) கலக்கும் இரண்டு பாகச் சரக்காகவே வாங்குங்கள். டியூபில் வரும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி மலிவுதான், சுலபமும்கூட. ஆனால் அது தின்னர் ஆவியாகிக் காய்வதால் சுருங்கும். நாம் எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறோமோ அதிலேயே கொண்டுபோய் விடும். பட்டி இழுக்கும் தகட்டைக் கிட்டத்தட்ட நிமிர்த்திப் பிடித்து, அழுத்தி, ஒரு தடவை இப்படியும் ஒரு தடவை குறுக்காகவும் இழுங்கள். துளைக்குள் போனது போக மேலே ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சக் கூடாது. கெட்டியானதும் 180 எமரி, அப்புறம் 320 எமரி. உலர்வாகவே தேயுங்கள். பழக்கதோஷத்தில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பவர்கள் நிறைய. பட்டி ஈரத்தைக் குடிக்கும், பின்னால் அதுவே கொப்புளமாகும், தகரத்தில் துருவுமாகும். தூசிக்கு மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

ப்ரைமருக்கு முன்னால் கைடு கோட் கறுப்புப் பவுடரை ஒரு தடவை தடவிப் பாருங்கள். விட்டுப்போன துளை ஒவ்வொன்றும் கறுப்புப் புள்ளியாகப் பல்லைக் காட்டும். என் கதவைச் சுரண்டிப் பவுடர் போட்டபோது அந்த ஏழெட்டு, முப்பதைத் தாண்டியது!

துளை வராமலே இருக்க வேண்டுமென்றால் கலக்கும் விதத்தைப் பாருங்கள். பாயசம் கிண்டுவது போலச் சுழற்றினால் காற்று உள்ளே போகும். தட்டையான பலகையில் வைத்து, தகட்டால் அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்த வேண்டும். ஹார்டனரின் நிறம் கோடு கோடாகத் தெரியாமல் ஒரே சீராக வந்தால் போதும். எடையில் சுமார் 2 சதவீதம்தான் ஹார்டனர். சீக்கிரம் காயட்டும் என்று கூட்டினால் கலவை அவசரமாக இறுகும், குமிழ் வெளியேற நேரமிருக்காது. போதாததற்கு, அதிகப்படி ஹார்டனர் பின்னால் பெயின்ட்டில் கறையாகவும் ஏறலாம். நம் ஊர்க் கோடையில் அளவாகப் போட்டாலே மூன்று நான்கு நிமிடத்தில் இறுகத் தொடங்கிவிடும். நான் இப்போதெல்லாம் வெயில் ஏறும் முன்பே, எலுமிச்சம்பழ அளவு மட்டும் கலந்துகொள்கிறேன். முதல் பூச்சை மெல்லியதாக, தகரத்தின் கீறல்களுக்குள் இறங்கும்படி அழுத்திப் போட வேண்டும். ஒரே தடவையில் அப்பினால் காற்று அடியில் மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. துளைகளை எண்ண முடிகிற வரைதான் ஸ்டாப்பர் வேலை. பஞ்சு மாதிரி பரவலாக இருந்தால் கலவையே சரியில்லை என்று அர்த்தம். அந்த இடத்தை 80 எமரியால் தேய்த்தெடுத்துவிட்டுப் புதிதாகப் பட்டி போடுங்கள்.