புது ஆராய்ச்சின்னு வந்தா எத நம்புறது? சுங்கை சிப்புட் வாசகர்களோட கேள்விகளும் என் பதில்களும்

நம்ம சுங்கை சிப்புட் சுத்துவட்டாரத்துல தோட்டத்துல இருந்தும் தாமான்ல இருந்தும் வந்த கேள்விங்க இதெல்லாம். நான் ஆஸ்பத்திரி ஃபார்மசில பல வருஷம் வேலை பாத்தவ, கோவிட் நேரத்துல மருந்து ஆராய்ச்சிகள படிச்சு வார்டுல இருக்குற டாக்டர்ங்களுக்கு சொல்றதும் என் வேலையா இருந்துச்சு. ஒரே மாதிரி கேட்டவங்களுக்கு சேத்து பதில் போட்டிருக்கேன்.

"தினம் ஒரு ஆராய்ச்சின்னு வருது, எத படிக்குறது எத விடுறதுன்னே தெரியல. பிள்ளைங்களோட அம்மா அப்பா எல்லாம் என்னைத்தான் கேக்குறாங்க." – தமிழ்ப்பள்ளி ஆசிரியை

டீச்சர், எல்லாத்தயும் படிக்க யாராலயும் முடியாது, அதே வேலையா உக்காந்திருந்தவங்களாலயே முடியல. ஒத்த ஆராய்ச்சி ஒண்ணு தனியா வந்து நின்னுச்சுன்னா அத அப்படியே ஓரமா வைங்க, பல ஆராய்ச்சிகள ஒண்ணா சேத்து எது தேறும் எது தேறாதுன்னு பாத்து எழுதுற இடத்துக்கு போங்க. கோக்ரேன்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்க சாதாரண ஆளுங்களுக்கு புரியுற மாதிரி சுருக்கம் போடுவாங்க, மலாய்லயும் நிறைய இருக்கு. உலக சுகாதார நிறுவனம் கோவிட் மருந்துங்களுக்குன்னு ஒரு வழிகாட்டி வச்சிருக்கு, புது ஆதாரம் வர வர அத மாத்துவாங்க. அப்புறம் நம்ம கே.கே.எம்., அதாவது மலேசிய சுகாதார அமைச்சோட வழிகாட்டி. வாரத்துல ஒரு தடவ இத பாத்தா போதும், தினம் ராத்திரி ஃபோன நோண்ட வேணாம்.

இன்னொண்ணு, மெட்ஆர்க்கைவ்னு ஒரு தளம் 2019 ஜூன்ல ஆரம்பிச்சது, கோவிட் நேரத்துல நிறைய ஆராய்ச்சி முதல்ல அங்கதான் வந்துச்சு. மத்த நிபுணருங்க இன்னும் சரி பாக்கல, இத வச்சு வைத்தியம் பாக்காதீங்கன்னு அவங்களே மேல எழுதியிருப்பாங்க. வாட்ஸ்அப்புக்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்குறவங்க அந்த வரிய வெட்டிட்டு மீதிய அனுப்புறாங்க, அதுதான் எனக்கு ரொம்ப வேதனை.

"கோவிட்டுக்கு ஐவர்மெக்டின்ங்குற புழு மருந்து வேணாம்னு சொன்னாங்களே, ஆனா நம்ம ஈப்போ டாக்டருங்க செஞ்ச ஆராய்ச்சியிலயே மருந்து சாப்புட்டவங்கள்ல 3 பேரு, சாப்புடாதவங்கள்ல 10 பேரு செத்தாங்கன்னு மச்சான் காட்டுறாரு. அப்ப வேல செய்யுதுதானே?" – செம்பனை தோட்டத்துல லாரி ஓட்டுற தம்பி

தம்பி, உங்க மச்சான் காட்டுன நம்பர் பொய் இல்ல, அந்த ஆராய்ச்சியில அது இருக்கு. அதனாலதான் இத கொஞ்சம் நின்னு பாக்கணும்.

ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்டீவன் லிம் தலைமையில 2021 மே கடைசியில இருந்து அக்டோபர் வரைக்கும் நடந்தது அது, நாடு முழுக்க 20 அரசாங்க ஆஸ்பத்திரியும் ஒரு கோவிட் தனிமை மையமும் சேந்துச்சு. 50 வயசுக்கு மேல, இனிப்புநீர் பிரஷர் மாதிரி ஏதாவது வியாதியும் இருக்குறவங்க, நோய் வந்து ஒரு வாரத்துக்குள்ள இருக்குறவங்க, இப்படி 490 பேர். யாருக்கு மருந்து யாருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும்னு குலுக்கல் மாதிரி பிரிச்சாங்க. அவங்க கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், இந்த மருந்து நோய் முத்தி ஆக்சிஜன் வைக்குற நிலைமைக்கு போகாம தடுக்குதா? மருந்து சாப்புட்ட 241 பேர்ல 52 பேருக்கு முத்துச்சு, சாப்புடாத 249 பேர்ல 43 பேருக்கு முத்துச்சு. அதாவது தடுக்கல. 2022 பிப்ரவரியில அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்துச்சு, வயித்துப்போக்குதான் மருந்து சாப்புட்டவங்களுக்கு அதிகமா வந்த தொந்தரவு.

அப்ப அந்த 3, 10? 490 பேருக்குள்ள செத்தவங்க மொத்தமே 13 பேரு. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில இந்த மாதிரி ஏத்த எறக்கம் மருந்தே குடுக்காட்டியும் தற்செயலா வரும், அத கணக்கு போட்டு அவங்களே எழுதியிருக்காங்க. முத்தாம தடுக்காத மருந்து சாவ மட்டும் எப்படி தடுக்கும்னும் யோசிக்கணும்ல. நிஜமாவே தடுக்குதுன்னா பெரிய ஆராய்ச்சியிலயும் அது தெரிஞ்சிருக்கணும், பிரேசில்ல 1358 பேர வச்சு செஞ்சது 2022 மார்ச்ல வந்துச்சு, அதுலயும் பலன் தெரியல. அதுக்கு முன்னாடி ரொம்ப நம்பிக்கை குடுத்த எகிப்து ஆராய்ச்சிய தரவுல சந்தேகம்னு 2021 ஜூலையில எடுத்துட்டாங்க. முதல் முதல்ல 2020 ஏப்ரல்ல ஆஸ்திரேலியாவுல வந்தது ஆய்வுக்கூடத்துல செல்லுங்க மேல ஊத்தி பாத்தது, அங்க போட்ட அளவு நாம மாத்திரையா சாப்புட்டா ரத்தத்துல வர்ற அளவ விட ரொம்ப ரொம்ப அதிகம்.

நம்ம பேராக் ஆளுங்க, நம்ம ஆஸ்பத்திரி நோயாளிங்கள வச்சு உலகத்துக்கே ஒரு பதில் சொன்னாங்க, எனக்கு அது ரொம்ப பெருமை. அதுல இருந்து ஒரே ஒரு வரிய பிச்சு எடுத்து எதிரா காட்டுறது அவங்களுக்கு செய்யுற அநியாயம்.

"எங்க வீட்ல எல்லாருக்கும் கோவிட், நிலவேம்பு கஷாயம்தான் குடிச்சோம், எல்லாரும் எழுந்துட்டோம். இத விட என்ன ஆதாரம் வேணும்?" – பால்மரம் வெட்டி ஓய்வு எடுத்த ஐயா

ஐயா, நீங்க எல்லாரும் எழுந்து நடமாடுறீங்கன்னு கேட்டதே சந்தோஷம். கஷாயத்த நான் குறை சொல்ல வரல. ஆனா ஒரு பழைய கதை சொல்றேன், நம்ம அரிசி கதை.

நூறு வருஷத்துக்கு முன்னாடி மலாயாவுல பெரிபெரின்னு ஒரு நோய், கால் வீங்கும், மரத்துப் போகும், இருதயம் நின்னுடும். ஈயச் சுரங்கத்துல வேலை செஞ்ச சீனங்க கூட்டம் கூட்டமா செத்தாங்க, தோட்டத்துல நம்ம ஆளுங்களுக்கு மட்டும் அவ்வளவா வரல. சில பேரு கிருமின்னாங்க, சில பேரு இடம்தான் காரணம்னாங்க. நெகிரி செம்பிலான்ல பிராடன்னு ஒரு டாக்டரு, அரிசியிலதான் விஷயம் இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, தமிழங்க சாப்புடுறது புழுங்கல் அரிசி, சீனங்க சாப்புடுறது தீட்டுன பச்சரிசின்னு. ஆனா பாத்தத சொன்னா மட்டும் யாரு நம்புவா?

1905 கடைசியில கோலாலம்பூர் மனநல ஆஸ்பத்திரியில ஃபிளெட்சர்னு ஒரு டாக்டரு நோயாளிங்கள வரிசையா நிக்க வச்சு ஒண்ணு ரெண்டுன்னு எண்ண வச்சாரு. ஒத்தப்படை ஆளுங்கள ஒரு பக்க வார்டுல போட்டு முன்ன குடுத்த அதே பச்சரிசிய குடுத்தாரு, இரட்டைப்படை ஆளுங்கள எதிர்ப்பக்கம் போட்டு புழுங்கல் அரிசி, மத்த சாப்பாடெல்லாம் ஒண்ணுதான். பச்சரிசி பக்கம் நிறைய பேருக்கு பெரிபெரி வந்து செத்தும் போனாங்க. புழுங்கல் பக்கம் ஏற்கனவே நோயோட வந்த ரெண்டு பேர தவிர யாருக்கும் இல்ல. அப்புறமும் இடம் மேல சந்தேகம் வரக்கூடாதுன்னு ரெண்டு பக்கத்தயும் வார்டு மாத்திப் பாத்தாரு. 1907ல லண்டன் பத்திரிகையில எழுதுனாரு. நெல்ல அவிக்கும்போது தவிட்டுல இருக்குற சத்து அரிசிக்குள்ள எறங்கிடுது, தீட்டுனாலும் போகாது, அது வைட்டமின் பி1ன்னு பின்னாடிதான் தெரிஞ்சுச்சு.

பாத்தீங்களா ஐயா, நம்ம சாப்பாட்டுலயே மருந்து இருந்துச்சு, அத ஊரு நம்புனது அந்தப் பக்கம் சாப்புடாதவங்க எப்படி இருக்காங்கன்னு பாத்த பிறகுதான். கோவிட் வந்தவங்கள்ல பெரும்பாலான பேரு எதுவும் குடிக்காமயே எழுந்துடுறாங்க, அதனால உங்க வீட்ட மட்டும் வச்சு கஷாயம்தான் காப்பாத்துச்சுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. குடிக்கணும்னா குடிங்க, பிரஷர் மாத்திரையோ ரத்தம் உறையாம இருக்குற மாத்திரையோ எடுக்குறவங்க மட்டும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு குடிங்க. மூச்சு வாங்குச்சுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி.

"டெக்ஸாமெத்தசோன்ங்குற ஸ்டீராய்டு மருந்து கோவிட்ல உயிர காப்பாத்துதுன்னு நியூஸ்ல வந்துச்சு. வாங்கி வீட்ல வச்சுக்கலாமா?" – தாமான்ல இருந்து ஒரு அக்கா

வேணாம்கா. 2020 ஜூன்ல இங்கிலாந்துல ரெக்கவரின்னு ஒரு பெரிய ஆராய்ச்சி, வென்டிலேட்டர்ல இருந்தவங்களுக்கு சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுச்சு, ஆக்சிஜன் வச்சவங்களுக்கு அஞ்சுல ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவப்படாதவங்களுக்கு பலன் இல்ல, கெடுதலா இருக்குமோன்னுதான் அந்த கணக்கு காட்டுச்சு. நியூஸ்ல முதல் பாதி மட்டும் வந்துச்சு. அதோட இது சர்க்கரைய ஏத்தி விடும், நம்ம வீடுங்கள்ல இனிப்புநீர் இல்லாத வீடு எத்தன சொல்லுங்க.

"பெரிய பத்திரிகையில வந்தா நம்பலாம்தானே?" – நர்சிங் படிக்குற தங்கச்சி

கொஞ்சம் கூடுதலா நம்பலாம்மா, முழுசா இல்ல. 2020 மே 22ல லான்செட்ங்குற பெரிய மருத்துவ இதழ்ல ஹைட்ராக்சிகுளோரோகுயின்ங்குற மலேரியா மருந்து கோவிட்டுக்கு எப்படின்னு ஒரு கட்டுரை வந்துச்சு, 671 ஆஸ்பத்திரி, 96,000 நோயாளிங்கன்னு. அத நம்பி உலக சுகாதார நிறுவனமே தன் சோதனையில அந்த மருந்த கொஞ்ச நாள் நிறுத்தி வச்சுச்சு. மூலத் தரவ காட்டுங்கன்னு கேட்டப்ப அந்தத் தரவ குடுத்த கம்பெனி காட்டல, ஜூன் 4ல கட்டுரைய திரும்ப வாங்கிட்டாங்க. அந்த மருந்து வேல செய்யலன்னு ரெக்கவரி தனியா, ஒழுங்கா காட்டுனது வேற கதை. நீ ஒரு கட்டுரைய பிரிண்ட் எடுத்து வச்சிருந்தாலும் யார்கிட்டயாவது சொல்றதுக்கு முன்னாடி பப்மெட்னு மருத்துவக் கட்டுரைங்கள தேடுற தளத்துல போயி கட்டுரை பேர போட்டு பாரு, திரும்ப வாங்கியிருந்தா அங்க பெருசா போட்டிருக்கும்.

"முதல்ல மாஸ்க் வேணாம்னாங்க, அப்புறம் கட்டாயம்னாங்க. மாத்தி மாத்தி பேசுறவங்கள எப்படி நம்புறது?" – பசார்ல காய்கறிக் கடை வச்சிருக்குற அண்ணே

அண்ணே, உங்க கோபம் புரியுது. 2020 ஜூன் 5ல உலக சுகாதார நிறுவனம் மாஸ்க் பத்துன பேச்ச மாத்துச்சு, ஆகஸ்ட் 1ல இருந்து இங்க பஸ்லயும் கூட்டமான இடத்துலயும் கட்டாயம் ஆச்சு. ஏன் மாத்துறோம்னு அவங்க இன்னும் தெளிவா சொல்லியிருக்கணும், அதுல எனக்கும் வருத்தம்தான்.

ஆனா மாத்தாம இருந்தா என்ன ஆகும்னு நம்ம கிந்தா பக்கத்து ஆளுங்களுக்கு தெரியும். 1998ல ஈப்போ பக்கம் பன்னிப் பண்ணையில வேல செஞ்சவங்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்துச்சு, கொசுவால வர்ற ஜப்பான் மூளைக்காய்ச்சல்னு நெனச்சு புகை அடிச்சாங்க, தடுப்பூசி போட்டாங்க, சாவு நிக்கல. பன்னிங்கள அங்கயும் இங்கயும் கொண்டு போனதுல நெகிரி செம்பிலான் வரைக்கும் பரவிடுச்சு. 1999 மார்ச்ல மலாயா பல்கலைக்கழகத்துல டாக்டர் சுவா காவ் பிங்னு ஒருத்தரு இது அந்தக் கிருமியே இல்ல, புதுசுன்னு கண்டுபிடிச்ச பிறகுதான் பன்னிங்கள அழிச்சு, நோயும் நின்னுச்சு. அதுதான் நிப்பா. அதுக்குள்ள 100 பேருக்கு மேல போயிட்டாங்க. முன்ன சொன்னதையே புடிச்சுக்கிட்டு இருந்தா இன்னும் எத்தன பேரோ.

"கோவிட் ஊசி 95 சதவீதம் தடுக்கும்னா 100 பேர் போட்டா 5 பேருக்கு நோய் வரும்னு அர்த்தமா?"

இல்ல. ஃபைசர் சோதனையில ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட 21,700 பேர், ஊசி போட்ட பக்கம் 8 பேருக்கு கோவிட், வெறும் உப்புத்தண்ணி ஊசி போட்ட பக்கம் 162 பேருக்கு. 162 ஆகவேண்டியது 8 ஆச்சு, அந்தக் குறைவுதான் 95. அது முதல் சில மாசத்து கணக்கு, பின்னாடி கிருமி மாறுனப்ப தொத்தாம தடுக்குறது குறைஞ்சுச்சு, ஆனா முத்தாம தடுக்குறது நல்லாவே நின்னுச்சு.

"அம்மாவ ஒரு மருந்து ஆராய்ச்சியில சேரச் சொல்லி கேக்குறாங்க. தோட்டத்து ஆளுங்கன்னா சோதிச்சு பாக்கலாம்னு நெனைக்குறாங்களோன்னு பயமா இருக்கு." – ஒரு மகள்

உங்க பயத்துல ஞாயம் இருக்குமா. நான் மேல சொன்ன அரிசி சோதனையில அந்த நோயாளிங்கள யாரும் சம்மதம் கேக்கல. இன்னிக்கு கேட்டே ஆகணும். கே.கே.எம். ஆஸ்பத்திரின்னா மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழு அனுமதி குடுத்திருக்கணும், பதிவு நம்பர கேளுங்க, காட்டுவாங்க. தமிழ்ல விளக்க ஒரு ஆள் கேளுங்க, அம்மாவுக்கு புரியுற வரைக்கும் கையெழுத்து வேணாம், பேப்பர வீட்டுக்கு எடுத்துட்டு வந்து நாளைக்கு சொல்றோம்னும் சொல்லலாம். சேராட்டியும் வழக்கமான வைத்தியம் கெடைக்கும், சேந்துட்டு பாதியில விலகுனாலும் கெடைக்கும். ஏதாவது ஆச்சுன்னா செலவு யாரு பாப்பாங்க, ராத்திரியில எந்த நம்பருக்கு கூப்புடணும், இது ரெண்டையும் எழுத்துல வாங்கிக்குங்க. எல்லாம் சரியா இருந்து அம்மாவுக்கும் விருப்பம்னா தாராளமா சேரட்டும், நீங்க முதல் நாள் கூட போங்க.