ஆள் வந்தா மட்டும் போதுமா? வீட்டு நர்சிங் பத்தின கேள்வி-பதில்

வீட்டுலயே ஆள் வச்சு நோயாளியப் பாக்கது பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம்லாம் இப்போ சாதாரணமாயிட்டு, பிள்ளைங்க வெளியூர்ல இருக்க வீடுகளுக்கு வேற வழியும் இல்ல. வந்த கேள்விகள்ல அடிக்கடி வாரத மட்டும் எடுத்துருக்கேன்.

சிஸ்டர், ஏஜென்சில நர்ஸ்னு சொல்லி அனுப்புன பிள்ள நெசமாவே நர்ஸ்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்க? (பாளையங்கோட்டை)

மொத நாளே கேட்டுருங்க, கூச்சப்படாதீங்க. நர்ஸ் படிப்புல ஏஎன்எம்னா 2 வருஷம், ஜிஎன்எம்னா 3 வருஷம், பிஎஸ்சி நர்சிங்னா 4 வருஷம் படிச்சிருக்கணும், முடிச்சு தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல பதிவும் பண்ணிருக்கணும். அந்த சர்டிபிகேட்ட ஒரிஜினலா காட்டச் சொல்லுங்க, செல்லுல உள்ள போட்டோ வேண்டாம். அட்டெண்டரா வாரவங்க சில மாச ட்ரெயினிங் எடுத்தவங்க, சில பேரு அதுவும் இல்லாம வாராங்க. குளிப்பாட்ட, டயாபர் மாத்த, சோறு ஊட்ட, புரட்டிப் படுக்க வைக்க, கையப் பிடிச்சு நடத்த, இதெல்லாம் அவங்க நல்லாவே செய்வாங்க, பல நர்ஸை விடப் பொறுமையாவும் செய்வாங்க. ஆனா ட்ரிப் ஏத்துறதும், யூரின் டியூப் மாட்டுறதும், மூக்குல டியூப் விடுறதும் அவங்க வேலையே கிடையாது. "ஆஸ்பத்திரில பாத்துருக்கேன் சார், நானே போடுதேன்"னு சொன்னாலும் விடாதீங்க. எந்த வேலைய யாரு செய்வாங்கன்னு ஏஜென்சிகிட்ட எழுதி வாங்கிருங்க, நர்ஸ் ரேட்ட வாங்கிட்டு அட்டெண்டர அனுப்புறது இந்தப் பேப்பர் இல்லாத எடத்துலதான் நடக்கு. சூப்பர்வைசர் நர்ஸ் நேர்ல வந்து பாப்பாங்களான்னும் கேளுங்க, எல்லாத்தையும் போன்லயே விசாரிப்போம்னா அந்த ஏஜென்சி வேண்டாம்.

அப்பாவுக்கு மூக்கு டியூப் வழியாத்தான் கஞ்சி. நேத்து ஊத்தும்போது ரொம்ப இருமுனாவ. பயமா இருக்கு. (அம்பாசமுத்திரம்)

பயப்பட வேண்டிய விஷயந்தாம்மா. இருமலோ மூச்சுத்திணறலோ வந்தா அந்த நிமிஷமே ஊத்துறத நிப்பாட்டணும், டியூப் நகந்து நுரையீரல் பக்கம் போயிருக்கலாம். நர்ஸ் வந்து பாக்குற வர தண்ணிகூட விடக்கூடாது, மூச்சு வாங்குனா 108க்குப் போட்டுருங்க. டியூப் போட்ட அன்னைக்கே மூக்கு நுனிகிட்ட டியூப்புமேல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வைக்கச் சொல்லுங்க, ஒவ்வொரு தடவையும் ஊத்துறதுக்கு முந்தி அந்தக் கோடு அதே எடத்துல இருக்கான்னு பாக்கணும். சிரிஞ்சுல காத்தடிச்சு ஸ்டெத்த வச்சுக் கேட்டா போதும்னு சில பேரு சொல்லுதாங்க, அத நம்பி ஊத்த முடியாது. தலைமாட்ட 30 டிகிரிக்கு மேல தூக்கி வச்சு ஊத்தி, முடிஞ்ச பெறகும் அர மணி நேரத்துலேருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்க விடுங்க.

ஆள் வச்சு ஒரு மாசத்துலயே ஆச்சிக்கு முதுகுல புண்ணு. ஏஜென்சில கேட்டா வயசானா வரத்தான் செய்யும்ங்காங்க. (மேலப்பாளையம்)

அப்படிச் சொல்லி முடிச்சிர விடாதீங்க. படுக்கைப் புண்ணு முக்காவாசி கவனிப்பு இல்லாததால வாரது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க சாச்சுப் படுக்க வைக்கணும், ஏர் பெட் வாங்கிப் போட்டாச்சேன்னு இத விடக்கூடாது. எடுப்புலயும் குதிகாலுலயும் செவப்பா இருந்தா வெரல வச்சு அமுக்கிப் பாருங்க, அமுக்குனா வெளுக்காம செவப்பாவே நின்னா புண்ணு ஆரம்பிச்சிட்டுன்னு அர்த்தம், அந்த எடத்தத் தேய்க்கவும் கூடாது, அதுமேல படுக்க வைக்கவும் கூடாது. தோல் உரிஞ்சிருந்தா டாக்டர்ட்ட காட்டாம நீங்களா மருந்து போடாதீங்க. கட்டில் பக்கத்துல ஒரு நோட்டு வச்சு மணி, எந்தப் பக்கம் சாச்சது, கையெழுத்துன்னு எழுத வைங்க. சாயங்காலம் அந்த நோட்ட நீங்களே பெரட்டுங்க, காலைலேருந்து ராத்திரி வர ஒரே மூச்சுல எழுதுனது கையெழுத்துலயே தெரிஞ்சிரும்.

தாத்தாவுக்கு ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் (காத்துலேருந்து ஆக்ஸிஜனப் பிரிச்சுக் குடுக்குற கரண்டு மெஷின்) ஓடுது, மழைக்காலத்துல என்ன செய்ய? (சிந்துபூந்துறை)

2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணி ஊருக்குள்ள வந்தத நீங்களே பாத்துருப்பீங்க, கரண்டு போனா மெஷின் நின்னுரும், வீட்டு இன்வெர்ட்டர் ரொம்ப நேரம் தாங்காது. ரெகுலேட்டர் மாட்டுன ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒண்ணு ரெடியா வேணும், அதத் தெறக்க வீட்டுல ரெண்டு பேருக்காவது தெரியணும். ஆத்துல தண்ணி தெறந்து விடப்போறாங்கன்னு அறிவிப்பு வந்ததுமே தாத்தாவ மேட்டுப்பகுதிக்குக் கொண்டு போயிருங்க, தண்ணி வந்த பெறகு தூக்க முடியாது. ஆக்ஸிஜன் ஓடுற ரூம்ல விளக்கோ ஊதுபத்தியோ பீடியோ கூடவே கூடாது. மூச்சு வாங்குதேன்னு டாக்டர் சொன்ன ஆக்ஸிஜன் அளவ நீங்களா கூட்டாதீங்க.

நான் துபாய்ல இருக்கேன், அம்மாவுக்கு 24 மணி நேரமும் ஆள் வச்சிருக்கேன். வேற என்ன பாக்கணும்? (வள்ளியூர்)

போலீஸ் வெரிபிகேஷன் தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்லயே போடலாம் தம்பி. நகை, ஏடிஎம் கார்டு அவங்க கைல வேண்டாம், கேமரா வச்சா சொல்லிட்டு வைங்க, குளிக்க, துணி மாத்துற எடத்துல வைக்கவே கூடாது. ஆனா 24 மணி நேரம்னு சொன்னீங்கல்லா, அந்தப் பொம்பள எப்போ தூங்குதாங்க? ராத்திரி நாலு தடவ எந்திரிச்சவங்க காலைல மாத்திரைய மாத்திக் குடுக்கத்தான் செய்வாங்க. பகல்ல அஞ்சாறு மணி நேரத்துக்கு இன்னொரு ஆள் போடுங்க, நேரத்துக்குச் சாப்பாடும் வாரம் ஒரு நாள் லீவும் குடுங்க.

ஆள் வைக்க வசதி இல்ல அக்கா. (களக்காடு)

உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல 'மக்களைத் தேடி மருத்துவம்' பத்திக் கேளுங்க. 2021 ஆகஸ்டுலேருந்து நடக்கு, பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும் படுக்கையில கெடக்கவங்களுக்கான கவனிப்பும் உண்டு, காசு கிடையாது. வயசானவங்களுக்கு வேற உதவி வேணும்னா 14567க்குப் போன் போடுங்க. நர்ஸ் வீட்டுக்கு வார அன்னைக்கு பக்கத்துலயே நின்னு எப்படிப் புரட்டுறாங்கன்னு பாத்து, அவங்க முன்னாடியே ஒருக்க நீங்க செஞ்சு காட்டுங்க.